மலை ஏறி வராத சட்டம்

ஜூன் 15-ஆம் தேதி அரசு அலுவலகங்களில் எல்லோரும் எழுந்து நின்று கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். முதியோருக்கு எதிரான கொடுமைகள் பற்றிய விழிப்புணர்வு நாள் அது. 2006-ல் தொடங்கியது, 2011-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. மறுநாள் பேப்பரில் படம் வரும். அதற்கப்புறம் அடுத்த ஜூன் வரைக்கும் அந்தப் பேச்சு அநேகமாக இருக்காது.

கிண்டல் பண்ணவில்லை. உறுதிமொழி நல்லதுதான். ஆனால் ஏற்காட்டில் ஜெராக்ஸ் கடை போட்டு, ஆன்லைனில் மனு ஏற்றிக் கொடுக்கிற வேலையும் பார்ப்பதால், இந்த விஷயத்தில் அரசாங்கம் என்னென்ன செய்திருக்கிறது, அது எந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ரொம்ப நாளாக எழுத நினைத்தது. நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு என்றால் உங்களுக்கு ஏரி, படகு, லேடிஸ் சீட், மே மாதக் கோடை விழா. "கிளியூர் அருவியில தண்ணி வருதாண்ணே?" என்பதுதான் டூரிஸ்ட் கேட்கிற முதல் கேள்வி. என் கடைக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள். நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், செம்மநத்தம் என்று சேர்வராயன் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஊர்களிலிருந்து வருகிற மலையாளிப் பழங்குடி மக்கள், எஸ்டேட்டில் காபி பறிக்கிறவர்கள், மிளகு ஏலம் எடுக்கிறவர்கள். ஆதார், பட்டா, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் சுருட்டி இருக்கும். அந்தப் பையைத் திறந்தால் ஒரு குடும்பத்தின் கதை பாதி தெரிந்துவிடும்.

முதியோர் கொடுமை என்றதும் நம்மாட்களுக்கு விருதுநகர்ப் பக்கம் வயதானவர்களை வீட்டாரே சாகடிக்கிற தலைக்கூத்தல்தான் ஞாபகம் வரும். 2010-ல் ஒரு பெரியவர் தனக்கு நாள் குறித்திருப்பது தெரிந்து வீட்டை விட்டு ஓடிவந்ததும், அது வெளியில் வந்து பெரிய செய்தியானதும் பலருக்கு நினைவிருக்கும். பிற்பாடு இந்த வழக்கத்தை வைத்துப் பிரியா கிருஷ்ணசாமி எடுத்த 'பாரம்' படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அது ஒரு கோரம். நான் மலைமேல் பார்ப்பது அந்த மாதிரி இல்லை. பென்ஷன் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வது, டாக்டரிடம் கூட்டிப்போகாமல் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று தள்ளுவது, திண்ணையில் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போவது, குடித்துவிட்டு வந்து கை நீட்டுவது, எதற்கென்று சொல்லாமல் கைநாட்டு வாங்கிக்கொள்வது. பேப்பரில் வராது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அவர்களும் வாய் திறக்க மாட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. நன்றாகவே இருக்கிறது. 'பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம்' என்று 2007-ல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்நாடு அரசு அதற்கு 2009-ல் விதிகளும் போட்டுவிட்டது. பிள்ளைகள் சோறு போடவில்லை, மருந்து வாங்கித் தரவில்லை என்றால் பெற்றோர் மனு கொடுக்கலாம். பிள்ளை இல்லாத பெரியவர்கள், தங்கள் சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ அந்தச் சொந்தக்காரர் மீது கொடுக்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், வக்கீல் தேவையில்லை. வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. தான் தீர்ப்பாயம். நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் போடலாம். உத்தரவு போட்டும் கட்டாத பிள்ளையை ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். தீர்ப்பு திருப்தி இல்லையென்றால் கலெக்டரிடம் மேல்முறையீடு. பெற்றோரை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம் ஜெயில் அல்லது ஐயாயிரம் அபராதம், இல்லை இரண்டும்.

மனுவைப் பெரியவரே கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. முடியாதவர் சார்பில் அவர் சொல்கிற ஆளோ, ஒரு தொண்டு அமைப்போ கொடுக்கலாம். யாருமே மனு கொடுக்காவிட்டாலும் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுக்கலாம் என்று ஐந்தாம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் உயிரே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

சரி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் எங்கே? சேலத்தில். மாவட்ட சமூக நல அலுவலர் எங்கே? சேலத்தில். திங்கட்கிழமை கலெக்டரின் குறைதீர் கூட்டம்? அதுவும் சேலத்தில்தான். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ் ஸ்டாண்டுக்கு வரவே சில ஊர்களிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அங்கேயிருந்து சேலம் இறங்க இன்னொரு மணி நேரத்துக்கு மேல். மூட்டு வலியோடு எழுபத்தைந்து வயது ஆயா ஒருத்தி இந்தப் பயணத்தைச் செய்ய வேண்டும். கூட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு நாள் கூலி போகும். கூட வருவது யார்? வழக்கமாக மகன். மகன் மேலேயே மனு என்றால் யாரைக் கூட்டிக்கொண்டு போவாள்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த மாதிரி நாட்களில் அரசாங்கமே எங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரிதான்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த மாவட்டமானாலும் அங்கே போலீஸ் நின்று வருகிறவர்களின் பையைச் சோதித்து உள்ளே விடுவார்கள். மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கத்தான். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளைகள் விரட்டிவிட்டார்கள் என்று வயதானவர்கள் அங்கே வந்து மேலே ஊற்றிக்கொள்ளப் பார்த்த செய்திகளை எத்தனை படித்திருப்போம். 90 நாளில் தீர்ப்பு சொல்கிற சட்டம் ஒன்று இருக்கும்போது இவர்கள் ஏன் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. அப்படி ஒரு சட்டம் இருப்பது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஆனால் சொன்னாலும் மனு கொடுப்பார்களா என்றால், அது வேறு கதை.

நாகலூர்ப் பக்கம் ஒரு ஆயா. கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். மகன் வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் இருக்கிறாள். கடைக்கு வந்தவள் கன்னத்தில் வீக்கம். கீழே விழுந்துட்டேன் என்றாள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"ஆயா, பையன் மேல மனுக் கொடுக்கலாம். சட்டம் இருக்குது. நானே எழுதித் தர்றேன், காசு வேண்டாம்."

"வேண்டாங் கண்ணு. அவன் நல்லவந்தான், குடிச்சாத்தான் அப்பிடி. கேசு கீசுன்னு போனா அவன் மானம் போயிரும். பேரன் பள்ளிக்கூடம் போறான், அவன் மூஞ்சிய யாரு பாப்பா?"

"அப்ப நீ இப்பிடியே இருப்பியா?"

"ஓஏபி பணம் மட்டும் எங் கையில வர்ற மாதிரி பண்ணிக் குடு சாமி. அது போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஜெயில் வேண்டாம், ஜீவனாம்சம் வேண்டாம். மாதம் ஒருமுறை தன் கைக்கு வரும் முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய். சட்டத்தை எழுதியவர்கள் இந்த ஆயாவை நினைத்துப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளை மேல் புகார் கொடுக்கிற தாயை நினைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள்.

நாடு முழுக்க 2017-18-ல் எடுத்த முதியோர் ஆய்வில், அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் கடந்த ஒரு வருஷத்தில் தங்களை யாரோ மோசமாக நடத்தியதாகச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் உலக அளவில் ஆறு பேரில் ஒருவர் என்கிறது. இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்த கணக்கு, நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் நம் ஊரில் கேள்வி கேட்க வந்தவர் முன்னால், மருமகள் கதவருகே நின்றுகொண்டிருக்கும்போது, எந்த ஆயா "ஆமாம்" என்று சொல்வாள்?

ஓஏபி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதியோர் கொடுமையைத் தடுக்கும் திட்டம் என்று அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. என் அனுபவத்தில் அதுதான் முதல் திட்டம். 1962 ஏப்ரலில், காமராஜர் ஆட்சியில், மாதம் 20 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து 1,200 ஆனது. இதில் மத்திய அரசு தருவது அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை 200 ரூபாய், எண்பதுக்கு மேல் 500. மீதி மாநிலத்தின் பணம். 1,200 ரூபாயில் என்ன வரும் என்று கேட்பவர்கள் மலைக்குக் கீழே இருப்பவர்கள். ரேஷன் அரிசி இருக்கும் வீட்டில் 1,200 ரூபாய் என்றால் வெற்றிலை பாக்கு, காபித்தூள், மாத்திரை, பேத்திக்குத் திருவிழாவில் ஒரு வளையல். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வீட்டில் அவளும் காசு கொண்டுவருகிற ஆள் ஆகிறாள். சோற்றுக்குப் பாரம் என்ற பேச்சு கொஞ்சம் அடங்கும். பென்ஷன் வந்த பிறகு தட்டில் குழம்பு கூடுதலாக விழுகிறது என்று ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பணமும் சிக்கல் இல்லாமல் வருவதில்லை. வங்கிக்காரரின் சின்ன மெஷினில் கைரேகை வைக்க வேண்டும். ஐம்பது வருஷம் காபி பறித்து, மிளகு உருவி, விறகு சுமந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? கட்டை விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்து வைத்தால் மறுபடியும் சிவப்பு. ஆள்காட்டி விரல், நடு விரல் என்று பத்து விரலையும் வைத்துப் பார்த்து, கடைசியில் இடது கை மோதிர விரலில் பச்சை விழும். அதுவரைக்கும் அந்த ஆயா மெஷினிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிற்பாள். எந்த விரலுமே விழாத நாளில்தான் ஆபத்து. "ஏடிஎம் கார்டு வாங்கிக்கிட்டா தொல்லை இல்ல" என்று மகன் சொல்வான். கார்டு வரும், ரகசிய எண் மகனுக்குத் தெரியும். அத்தோடு அந்த 1,200 ரூபாய் டாஸ்மாக்குக்கு வழி கண்டுபிடித்துவிடும். இதைத்தான் ஆங்கிலத்தில் நிதிச் சுரண்டல் என்று பெரிய பெயர் வைத்துக் கட்டுரை எழுதுகிறார்கள். தடுக்க ஒரு கருத்தரங்கும் வேண்டாம். பணத்தை மாதம் ஒருமுறை ஊருக்கே கொண்டுவந்து, ஆளைப் பார்த்து, கையில் எண்ணிக் கொடுத்தால் போதும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மலையில் நான் பார்க்கிற புறக்கணிப்பு எல்லாமே கொடுமை இல்லை. பாதி வறுமை. எஸ்டேட் லைன் வீடு என்பது வேலை இருக்கும் வரைதான். அப்பா அம்மா வேலையை விட்டு நிற்கும்போது வீட்டையும் விட வேண்டும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஒரே அறையில் நாலு பேரோடு இருக்கிறான். அவன் மேல் பத்தாயிரம் ரூபாய் ஜீவனாம்ச உத்தரவு வாங்கி என்ன பண்ணுவது? அஸ்ஸாமில் 2017-ல் ஒரு சட்டம் போட்டார்கள், பெற்றோரைக் கவனிக்காத அரசு ஊழியரின் சம்பளத்தில் பிடித்துப் பெற்றோருக்கே கொடுப்பது என்று. நல்ல யோசனைதான், சம்பளம் என்று ஒன்று இருப்பவனுக்கு. சிங்கப்பூரில் 1995-லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். இலங்கையில் 2000-ல் மூத்தோர் உரிமைச் சட்டமும் பராமரிப்பு வாரியமும் வந்தன. எல்லாமே கொடுக்கக்கூடிய பிள்ளை கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதைத்தான் சரிசெய்யும். இல்லாதவனிடம் எதைப் பிடுங்குவது?

இருக்கிறவர்கள் பக்கம் வருவோம். அங்கேதான் சட்டம் உண்மையிலேயே வேலை செய்கிறது.

ஏற்காட்டில் நிலத்துக்கு இப்போது என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள், தலை சுற்றும். காட்டேஜ், ரிசார்ட், ஹோம் ஸ்டே. பார்வை நன்றாக இருக்கிற ஒரு மேட்டில் அரை ஏக்கர் இருந்தாலே புரோக்கர்கள் தேடி வருகிறார்கள். அப்பா பெயரில் பட்டா இருக்கிறது, மகன் விற்கத் துடிக்கிறான். உடனே "எம்பேருக்கு எழுதி வெச்சிருப்பா" என்று ஆரம்பிக்கும். தான செட்டில்மெண்ட் பத்திரம் போட வருகிறவர்கள் ஆவணங்களை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வருவார்கள். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் மகனே பதில் சொல்வான்.

இந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்தப் பெரியவருக்காகத்தான். என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் மோசடியாக வாங்கப்பட்டதாகவே கருதி ஆர்.டி.ஓ. செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும். சிக்கல் எங்கே என்றால் அந்த நிபந்தனையில். 2022 டிசம்பரில் ஒரு ஹரியானா வழக்கில், நிபந்தனை இருந்ததென்று காட்ட முடியாவிட்டால் 23-ஆம் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், இது முதியோரின் நன்மைக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு எழுதிய பத்திரத்தை அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது.

அதே வருஷம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நாகப்பட்டினத்து வழக்கு ஒன்று. 87 வயதுத் தாய், மகனுக்கு எழுதிக்கொடுத்த வீடு. மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை. ஆர்.டி.ஓ. பத்திரத்தை ரத்து செய்தார், மருமகள் வழக்குப் போட்டார். நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அமர்வு, அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக்கொடுத்தேன் என்று பத்திரத்தில் இருந்தாலே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கிவிட்டது, தனியாக எழுதியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று சொல்லி, ரத்து சரிதான் என்றார்கள். படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் தீர்ப்பை நம்பி இருக்க வேண்டாம் என்பேன். ஒரு பெஞ்ச் இப்படிச் சொல்லும், இன்னொன்று அப்படிச் சொல்லும். ஆர்.டி.ஓ. போட்ட உத்தரவை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து, அதற்குமேல் போய் என்று இழுத்தால் வருஷங்கள் ஓடும், பெரியவருக்கு அவ்வளவு வருஷம் கையில் இருக்க வேண்டுமே. பத்திரத்திலேயே எழுதிவிட்டால் சண்டையே வேண்டாம். என் கடையில் அச்சடித்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குச் சும்மா கொடுக்கிறேன்: "எனது ஆயுட்காலம் முழுவதும் எனக்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைத் தாங்களே கவனித்து வர வேண்டியது. தவறும் பட்சத்தில் இந்த செட்டில்மெண்ட் பத்திரத்தை ரத்து செய்து சொத்தைத் திரும்பப் பெற எனக்குப் பூரண உரிமை உண்டு." பத்திர எழுத்தருக்கு இது ரெண்டு வரி வேலை.

போன சீசனுக்கு முன்னால் ஒரு மகன் இதைப் படித்துவிட்டு என்னிடம் முறைத்தான். "என்னண்ணே, நான் எங்கப்பாவப் பாக்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" இல்லப்பா, நல்லாப் பார்ப்பேன்னா இதை எழுதுறதுல உனக்கு என்ன நஷ்டம் என்றேன். அதுவரைக்கும் வாய் திறக்காத அப்பா, "எழுதட்டும்டா. எம் மண்ணுதானே" என்றார். அவ்வளவுதான். எழுதினார்கள்.

சொத்தே பெயரில் இல்லாத ஆயாக்களுக்கு 23-ஆம் பிரிவால் ஒன்றும் இல்லை. மலையாளி மக்களிடம் இது அதிகம். இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது, வழக்கம்தான் சட்டம். வழக்கத்தில் நிலம் ஆண் வழியே போகிறது. கணவர் பெயரில் இருந்த பட்டா மகன்கள் பெயருக்கு மாறிவிடும், தாய் அவர்கள் தயவில். அவர்களுக்கு நான்காம் பிரிவின் பராமரிப்பு உரிமைதான் வழி. அதற்கு சாதி, மத வித்தியாசம் கிடையாது, பழங்குடியினருக்கும் முழுசாகப் பொருந்தும். இன்னொன்று: பழங்குடி மக்களுக்கும், எந்த சமூகத்துப் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இது தெரிந்தவர்கள் மலையில் மிகக் குறைவு.

வேறு ஒரு வகைப் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து, ரிட்டையர் ஆகி, குளுகுளு என்று இருக்கும் என்று நம்பி பங்களா கட்டிக்கொண்டு வந்தவர்கள். பிள்ளைகள் அமெரிக்காவில். வாட்ஸ்அப்பில் தினமும் பேசுவார்கள். பணக் கஷ்டம் இல்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு இருக்காது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் இருட்டு. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் மகனும் கொல்லப்பட்டார்கள். ஆறு மாதத்துக்குள் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் இன்னொரு முதிய தம்பதி, அதே மாதிரி தோட்டத்து வீட்டில். இந்தச் செய்திகள் வந்த வாரங்களில் பங்களாக்காரர்கள் பலர் கேமரா மாட்ட ஆள் தேடி அலைந்தார்கள். நாய் விலையும் ஏறியது.

இதற்கும் அரசாங்கத்தின் புத்தகத்தில் பதில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2009 விதிகளின்படி, ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனும் தன் எல்லையில் இருக்கும் முதியவர்களின் பட்டியலை, முக்கியமாகத் தனியாக இருப்பவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது ஒரு போலீஸ்காரர், முடிந்தால் ஒரு சமூக சேவகரோடு, அவர்களைப் போய்ப் பார்த்து வர வேண்டும். முதியவர்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். படித்துப் பார்த்தால் எவ்வளவு நல்ல மனசோடு எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும். மலைமேல் இருக்கிற போலீஸ்காரர்களுக்கு சீசனில் டிராஃபிக், அமைச்சர் வருகை, கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்த கார். ஆளும் குறைவு. அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் ஒரு ஏட்டு மாதம் ஒருமுறை வாசலில் பைக்கை நிறுத்தி, "அம்மா நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனால், பங்களாவுக்குத் திருடன் யோசிப்பான், நாகலூர்ப் பக்கத்து ஆயாவின் மகனும் யோசிப்பான். அவள் மனு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. யார் மானமும் போகாது.

வாசலுக்கு வருகிற திட்டங்கள்தான் மலையில் எடுபடுகின்றன. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவருகிற பெண், வேறு எந்த அதிகாரியும் பார்க்காததைப் பார்க்கிறாள்: படுக்கை ஈரமாக இருக்கிறதா, முகத்தில் காயம் இருக்கிறதா, போன மாத மாத்திரை அப்படியே இருக்கிறதா. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று எழுபது வயது தாண்டியவர்களுக்கு ரேஷனும் வீட்டுக்கே வர ஆரம்பித்தது. அந்த வருஷ பட்ஜெட்டில் 'அன்புச்சோலை' என்று முதியோர் பகல்நேர மையங்கள் 25 அறிவித்தார்கள், அவை நகரங்களுக்கானவை, மலைக்கு எப்போது வருமோ.

என் கேள்வி இதுதான். மாத்திரைக்கு ஒருவர், ரேஷனுக்கு ஒருவர், பென்ஷனுக்கு ஒருவர், ஓட்டுக்கு எல்லாரும் என்று அரசாங்கத்தின் இத்தனை கால்கள் ஏற்கெனவே மலை ஏறுகின்றன. இவர்களில் ஒருவர் "இந்த வீட்டில் ஏதோ சரியில்லை" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், அதையே வைத்து ஆர்.டி.ஓ. தானாக முன்வந்து எடுக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீர்ப்பாயமே ஏற்காடு தாலுகா ஆபீசில் வந்து உட்காரலாம். ஜமாபந்திக்கு அதிகாரிகள் தாலுகாவுக்கு வந்து உட்காரவில்லையா? நிலக் கணக்குக்கு வர முடிந்தவர்கள் ஆயா கணக்குக்கும் வரலாம். புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. புதுச் சட்டம் போடப் பார்த்தார்கள், 2019 டிசம்பரில் திருத்த மசோதா வந்தது. பத்தாயிரம் வரம்பை எடுப்பது, மருமகன் மருமகளையும் பொறுப்பில் சேர்ப்பது, தண்டனையைக் கூட்டுவது என்றெல்லாம் இருந்தது. 2024-ல் மக்களவை கலைந்ததோடு அது காலாவதியாகிவிட்டது. அதற்காக நான் ரொம்ப வருத்தப்படவில்லை. இருப்பதையே மலை ஏற்றினால் போதும்.

அந்த ஆயாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏடிஎம் கார்டை வங்கியில் சொல்லி முடக்கிவிட்டோம். இப்போது பணம் கைரேகை வைத்து அவள் கைக்கு வருகிறது, அந்த மோதிர விரல் தயவில். மகன் இன்னும் குடிக்கிறான். அதற்கு என்னிடம் வழி இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு உதவி பண்ணுங்கள். உங்கள் தெருவிலோ ஊரிலோ தனியாக இருக்கும் பெரியவர் பெயரை, அவரிடம் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதி உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து, பட்டியலில் சேர்க்கச் சொல்லி, பெற்றுக்கொண்டதாக ரசீது கேளுங்கள். மனு எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் கமெண்டில் கேளுங்கள், மாதிரி தருகிறேன். அடி, உதை, பட்டினி என்று கண்ணால் பார்த்தால் 14567-க்கு அடியுங்கள். முதியோருக்கான உதவி எண் அது, காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை எடுப்பார்கள், காசு கிடையாது.